இரண்டாவது ஏழு கிராம்

போன தடவை தேர்வில் என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு கணக்கு. இரண்டு பொருள்களைக் கலந்தால் எது முதலில் தீரும், எது மிஞ்சும் என்று கேட்டிருந்தார்கள். அதைச் சரியாகப் போட்டிருந்தால் என் கணவர் இருக்கும் சாயத் தொழிற்சாலையின் ஆய்வகத்திலேயே எனக்கும் வேலை கிடைத்திருக்கும். ஆளுக்கொரு ஊரில் கிடந்து போனோடு குடித்தனம் நடத்தவேண்டியிருக்காது. நாளை மறுபடி தேர்வு. இந்த முறையும் கோட்டை விட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"வெறும் காகிதத்துல ஏறாது. செஞ்சு பாரு" என்றார் அவர் போனில். "எண்பத்து நாலு கிராம் சமையல் சோடாவுக்கு அறுபது கிராம் அமிலம். உன் வினிகர்ல நூறு மில்லிக்கு அஞ்சு கிராம் அமிலம்தான். அப்போ சோடா எவ்வளவு?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். "ஏழு."

"அட, மகாராணிக்கு மூளை வேலை செய்யுதே! போடு."

சோடாவைத் தராசில் எடை போட்டு, நூறு மில்லி வினிகரில் கொட்டினேன். புஸ்ஸென்று பொங்கி அடங்கியது.

"ரெண்டும் தீந்துடுச்சு" என்றேன் பெருமையாக.

"இன்னும் கொஞ்சம் வினிகர் ஊத்து. ரெண்டும் தீந்திருந்தா பொங்கக் கூடாது."

ஊற்றினேன். பொங்கித் தொலைத்தது. எனக்கு வந்த கோபத்துக்குத் தராசைத் தூக்கி எறிந்திருப்பேன்.

"சோடா மிஞ்சியிருக்கு. எவ்வளவு போட்டே?"

"ஏழுதான். அப்புறம்... இன்னொரு ஏழு."

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சோறும் இப்படித்தான் வடிக்கிறேன். எனக்கு ஒரு பங்கு, அவருக்கு ஒரு பங்கு. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிக்காதீங்க. கை பழகிப்போச்சு. பாக்க வெறும் தண்ணி மாதிரி கெடந்துச்சு. உள்ளே பாதி சோடா காத்துக்கிட்டு இருந்திருக்கு. நானும் இங்க அப்படித்தான் இருக்கேன்."

சிரிப்பு நின்றது. அந்தப் பக்கம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

"என்ன பண்றீங்க?"

"டம்ளர் கழுவறேன்." குழாயை மூடிவிட்டுச் சொன்னார்: "ரெண்டு."

"போனை வைங்க, படிக்கணும்" என்று வெட்டிவிட்டேன். இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

கிண்ணத்தைக் கழுவித் துடைத்தேன். அவரோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டுமானால் முதலில் ஒருத்திக்கு அளக்கத் தெரிய வேண்டும். ஏழு கிராம் எடை போட்டேன். கரண்டி தானாக மறுபடி டப்பாவுக்குள் போனது. அதைக் காலியாகவே வெளியே எடுத்து, மூடியை அழுத்தி மூடினேன்.