நாலு தடவை வந்தவள்

கல்யாண அறிவிப்புப் படிவத்தில் மாப்பிள்ளை பெயரைப் பார்த்துத் தலையாட்டிய பாஸ்டர் ஒலாவுயி, பெண் பெயருக்கு வந்ததும் முகத்தைச் சுளித்தார். அது என் பெயர். கொக்குமோ. ‘இனி சாகமாட்டாள்’ என்று அர்த்தம்.

“சிஸ்டர், மூணு ஞாயித்துக்கிழமை இத நான் மைக்குல படிக்கணும். சபைக்கு நடுவுல நின்னு சாவைக் கூப்பிட எனக்கு நாக்கு வராது.”

“இது கூப்பிடற பேர் இல்ல பாஸ்டர். விரட்டற பேர்.”

“எதுவா இருந்தா என்ன, உள்ள சாவு இருக்குல்ல? இபுக்குன்னு வச்சுக்கோங்க. ஆசீர்வாதம்னு அர்த்தம். கேக்கவே எவ்வளவு நல்லா இருக்கு!”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை ரோத்திமி என் முழங்கையைத் தொட்டான். பேசாதே என்பதற்கு அவன் வைத்திருக்கும் சைகை அது. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “ஏன்டா, உன் பேருக்கு என்ன அர்த்தம்? ‘என்கூடவே இரு’ன்னுதானே? உங்கம்மாவும் ஒரு பிள்ளையப் பறிகொடுத்த பயத்துலதான வச்சாங்க?” அவன் சிரித்து மழுப்பினான். ஞானஸ்நானத்தின்போது அவன் பெயருக்கு முன்னால் ‘கடவுள்’ என்ற சொல்லை ஒட்டவைத்துவிட்டார்கள். அதனால் அது நல்ல பெயராகிவிட்டது. என் பெயரில் எதை ஒட்டினாலும் நிற்காது.

எனக்கு முன்னால் அம்மா மூன்று தடவை பெற்று மூன்று தடவையும் புதைத்தவள். எங்கள் இபடான் ஊரில் அதை மூன்று பிள்ளை என்று எண்ணுவதில்லை. ஒரே பிள்ளைதான், வீட்டுக்கு வருவதும் போவதுமாகத் தாயைப் படுத்துகிறது என்பார்கள். அதனால் பெயரை வைத்தே அதோடு பேசுவார்கள். முதலாவது ஏழு நாள் இருந்து, பெயர் வைக்கும் முன்பே போனது. இரண்டாவது பிறந்ததும் மலோமோ என்று வைத்தாள், ‘மறுபடி போகாதே’. போனது. மூன்றாவதற்கு துரோசின்மி, ‘என்னைப் புதைக்கும்வரை இரு’. அதுவும் போனது. நாலாவதாக நான். இம்முறை அவள் கெஞ்சவில்லை. ‘இனி சாகமாட்டாள்’ என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். இருபத்தொன்பது வருடமாக நான் சாகவில்லை. ஊருக்குள் போதிஜா பகுதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். என் கையால் மாத்திரை வாங்கினால்தான் கேட்கும் என்று என் பெயருக்காகவே வரும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் கர்வம்தான், ஏன் மறைக்க வேண்டும்?

சந்தையில் மிளகாய் விற்கும் அம்மாவின் சொந்தப் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. இயா கொக்குமோ என்றுதான் கூப்பிடுவார்கள், கொக்குமோவின் அம்மா. பேரம் பேசுகிறவள்கூட “இயா கொக்குமோ, இன்னும் ரெண்டு போடு” என்பாள். என் பெயரை மாற்றினால் அவள் பெயரும் போயிற்று.

அப்படிப்பட்ட அம்மாதான் எனக்குத் தெரியாமல் பாஸ்டரைப் போய்ப் பார்த்து, மாற்றிப் படியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கத்தினேன். அவள் மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

“அது உனக்கு வச்ச பேர் இல்லடி. சாவுகிட்ட சண்ட போட வச்சது. ஜெயிச்சாச்சு. நான் வச்ச பேரால உன் கல்யாணம் நின்னா, நான் எங்க போய் முட்டிக்குவேன்?”

சொல்லிவிட்டு அழுதாள். அன்றிலிருந்து வீட்டில் பழகிப் பார்க்க ஆரம்பித்தாள். “இபுக்குன், தண்ணி கொண்டா.” நான் திரும்பவே மாட்டேன். வேண்டுமென்று இல்லை, சத்தியமாக என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று உறைக்காது. எழுந்து தானே போய் எடுத்துக்கொள்வாள். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தும் தலை குனியாதவள் என் கல்யாணத்துக்காகக் குனிந்து நடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் ஞாயிறு. அம்மாவும் நானும் ஒரே துணியில் தைத்து உடுத்தி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ரோத்திமி வீட்டார் முன்வரிசையில். பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். இன்னார் மகன் ரோத்திமிக்கும், இன்னார் மகள் இபுக்குனுக்கும். பிறகு வழக்கமான வரி. இவர்கள் இணையக்கூடாது என்பதற்கு யாருக்காவது காரணம் தெரிந்தால் இப்போதே சொல்லலாம்.

நான் எழுந்தேன்.

விசிறிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. சொந்தக் கல்யாணத்துக்கே ஆட்சேபம் சொன்னவள் எங்கள் சபையில் அதுவரை கிடையாது.

“எனக்கு ஆட்சேபம் இருக்கு பாஸ்டர். இந்த மாப்பிள்ளையோட மூணு வருசமா பழகறது நான். அந்த இபுக்குன் யாருன்னு எனக்குத் தெரியாது.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரோத்திமியின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவன் எழவில்லை. ஆனால் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து என்னையே பார்த்தான், தடுக்கவும் இல்லை. பாஸ்டருக்கு வியர்த்துவிட்டது.

“உக்காருங்க சிஸ்டர். உங்கம்மா சம்மதம் சொல்லித்தான் படிச்சேன். அம்மா, நீங்களே சொல்லுங்க. இவ யாரு?”

அம்மா என் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், உட்காரச் சொல்லி. கேள்வி தன்மேல் விழுந்ததும் விட்டுவிட்டாள். முன்பெஞ்சைப் பிடித்து எழுந்தாள்.

“நாலு தடவ பெத்தேன். மொதல்ல வந்ததுக்குப் பேர் நினைச்சு வச்சதெல்லாம் மறந்துபோச்சு, தேதி மட்டும் இருக்கு. அப்புறம் மலோமோ. அப்புறம் துரோசின்மி. இவ கொக்குமோ. எல்லாம் இவதான்.” குரல் உடையும் என்று பயந்தேன். சந்தையில் விலை கூவுகிற குரல், உடையவில்லை. “சாவை நான் கூப்பிடல பாஸ்டர். அதுவா என் வீட்டுக்கு மூணு தடவ வந்துச்சு. நாலாவது தடவ வாசல்ல நின்னு இந்தப் பேரச் சொல்லித்தான் தொரத்தினேன். நீங்க அங்க இல்ல. படிச்சா எல்லாப் பேரையும் முழுசாப் படிங்க. இல்லாட்டி படிக்காதீங்க, நாங்க வேற எடம் பாத்துக்கறோம்.”

பின்வரிசைச் சந்தைப் பெண்களில் யாரோ “ஆமென்!” என்று அதட்டினாள்.

பாஸ்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். ரோத்திமியைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. கடைசியில் அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“மலோமோ,” என்றார், மெதுவாக.

அம்மாவின் உடம்பு ஒரு தரம் குலுங்கியது. அந்தப் பெயரை அவள் தவிர வேறு ஒருவர் சொல்லிக் கேட்டு முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும்.

“இருக்கேன்,” என்றேன் நான், கோயில் முழுக்கக் கேட்கும்படி.