சத்தம் வராத ஸ்பீக்கர்

அண்ணன் தன் பாதி வீட்டை விற்கப் போவதாக வாசலில் பலகை மாட்டிவிட்டார். எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று நாலு வருஷம். அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த அன்று, ஏணி யாருக்கு என்பதில் முட்டிக்கொண்டது. ஏணியை அவர் தூக்கிக்கொண்டு போனார். இப்போது அவரே போகப் போகிறார், எப்படியாவது தடுக்க வேண்டும். நேரில் போனால் என் வாய் சும்மா இருக்காது, ஏணியில்தான் போய் நிற்கும்.

"நேர்ல பேசினாத்தானே சண்டை? பதிவு பண்ணி அனுப்புங்க. மனசுல இருக்கிறத அப்படியே சொல்லுங்க," என்றாள் மனைவி.

ஒரு மைக்கும் வயர் இல்லாத ஸ்பீக்கரும் வாங்கி வந்தேன். பழைய ஸ்பீக்கரும் பிரிவினையில் அண்ணனிடம்தான் போயிருந்தது. வேறு எதுவும் எனக்குத் தெரியாததால் கடையில் அதே கம்பெனி, அதே மாடல் கேட்டேன். மேசைக்கடியில் தலையை விட்டு, முகமெல்லாம் ஒட்டடை அப்ப, கம்ப்யூட்டரின் முதுகில் பச்சைத் துளை, இளஞ்சிவப்புத் துளை என்று மாற்றி மாற்றிக் குத்தி ஒருவழியாக மைக்கைச் செருகினேன்.

பேசினேன். மனசில் மேலாக இருந்தது ஏணி, முதல் இரண்டு நிமிஷம் அதற்கே போய்விட்டது. அடியில் கிடந்தது கடைசியில்தான் வந்தது.

கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று புளூடூத்தைப் போட்டேன். 'இணைந்தது' என்றது திரை. ஸ்பீக்கரின் பெயரும் சரியாக இருந்தது. பதிவை ஓடவிட்டேன். மூச்சுப் பேச்சில்லை.

சத்தத்தை நூறுக்கு ஏற்றி, முதலிலிருந்து போட்டேன். ம்ஹூம். ஸ்பீக்கரைத் தட்டினேன், குலுக்கினேன், திட்டினேன். இப்படி ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷம் பார்த்துவிட்டு நிறுத்தினேன். என் பொறுமை அவ்வளவுதான்.

கதவு இடிபட்டது. திறந்தால் அண்ணன்!

"யாருடா ஏணித் திருடன்? ஒரு தடவைன்னா கோவத்துல சொல்றான்னு விடலாம். ஏழு தடவையாடா? அதுவும் என் ஸ்பீக்கர்லயே! வீடு பாக்க வந்தவர் முன்னாடி மானம் போச்சு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடு ஒன்றாக இருந்த காலத்தில் பழகிய ஸ்பீக்கரைத் தேடிக் கம்ப்யூட்டர் சுவர் தாண்டிப் போயிருக்கிறது. நாங்கள் சண்டை போட்டதை அதற்கு யார் சொன்னார்கள்?

"அண்ணே, நீங்க முழுசா கேக்கல. கடைசியில வேற இருக்கு."

"என்ன இருக்கு? வாயத் திறந்து சொல்லு."

வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. மவுஸை இழுத்துக் கடைசிப் பகுதியை ஓடவிட்டேன். அண்ணனும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சத்தம் எங்கே வரும்? அது அந்தப் பக்கம்தானே போகிறது!

சுவருக்கு அப்பாலிருந்து அண்ணி கூவினார். "என்னங்க! தம்பி அழுவுறாரு! நீங்க போயிட்டா அவருக்கு இந்த வீடே வேண்டாமாம்! சீக்கிரம் வாங்க, முடியப் போகுது!"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பார்த்தேன். திரும்பி நடந்தார். அவ்வளவுதான், இனி வரமாட்டார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டினார்.

"டேய்! ஏணிக் கதையெல்லாம் வேண்டாம். அந்தக் கடைசிய மட்டும் திரும்பப் போடு!"