கல்லு நல்லாருக்கு

டிக்கெட் கவுண்டரில் டெஸ்மண்டுக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. வட இங்கிலாந்தில் கார்லைல் போகும் பாதையில் அது ஒரு சின்ன ஸ்டேஷன். கவுண்டர் ஒன்றுதான், ஆளும் அவர் ஒருவர்தான். கண்ணாடியில் பதித்த ஸ்பீக்கர் பாதிப் பேச்சை விழுங்கிவிடும். அதனால் அவர் காதில் அதிகம் விழுவது ஒரே ஒரு சொல்: சாரி.

குடையால் பக்கத்து ஆளை இடித்தால் சாரி. இடி வாங்கியவரும் சாரி என்றுதான் சொல்வார். கணவர் தவறிவிட்டாராமே, சாரி. சில்லறை இல்லை, சாரி. "சாரி, வரிசை அங்கேருந்து வருது" என்றால் அதற்குள் ஒரு கத்தி இருக்கும். நீங்கள் சொன்னது கேட்கவில்லை என்றால், கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கி, "சாரி?" முகத்தைப் பார்க்காமலே எது என்ன சாரி என்று டெஸ்மண்ட் பிரித்துவிடுவார். ஆறு வருஷமாக அவர் காத்திருந்த சாரி மட்டும் வரவில்லை.

அது தம்பி க்ளெம் சொல்ல வேண்டியது. அப்பாவுக்கு நினைவு தப்பி, அடுப்பை எரியவிட்டு மழையில் இறங்கி நடக்கத் தொடங்கியபோது, டெஸ்மண்ட்தான் அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தார். நாலாவது மாதம் அப்பா போய்விட்டார். அடக்கம் முடிந்து, வந்தவர்களுக்கு வைத்த சாண்ட்விச் தட்டுகளுக்கு நடுவே, எல்லோருக்கும் கேட்கும்படி க்ளெம் சொன்னான்: "நீதான் அவரைக் கொன்ன, டெஸ்." அன்றோடு பேச்சு நின்றது. கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டுகூட இல்லை.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மழைக்கோட்டின் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்த ஒரு ஆள் கவுண்டருக்கு வந்தான். முழங்கால் இரண்டிலும் களிமண்.

"எங்க போகணும்?"

"சாரி?" அவன் காதைக் கண்ணாடியோடு ஒட்டினான்.

குரல் தெரிந்தது. அது எந்தச் சாரி என்பதும் தெரிந்தது. தினமும் முப்பது தடவை கேட்பதுதான். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"பரவாயில்லடா, க்ளெம்."

அவன் நிமிர்ந்தான். தொப்பியைப் பின்னால் தள்ளினான். தலை பாதி நரைத்திருந்தது.

"நீயா? செவ்வாய்க்கிழமை உனக்கு லீவாச்சே."

"மாத்திட்டாங்க."

அப்படியென்றால் அவர் இல்லாத நாள் பார்த்துத்தான் வந்திருக்கிறான்.

"நீ கேட்டது காதுல விழல," என்றான் க்ளெம். "அதுக்குத்தான் சாரின்னேன்."

"தெரியும்."

"வேற எதுக்கும் இல்ல."

"அதுவும் தெரியும். வந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

"அப்படியெல்லாம் நீயா எடுத்துக்க முடியாது, டெஸ்."

"ஆறு வருஷமா வேற எதுவும் வரலியே. என்ன பண்ணச் சொல்ற?"

பின்னால் நின்ற சிவப்புத் தொப்பிக்காரம்மா தொண்டையைச் செருமினாள். "சாரி, குடும்ப விஷயத்துல மூக்க நுழைக்கிறேன். 10.42 வண்டிக்கு இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு."

"கார்லைல்," என்றான் க்ளெம். "போறதுக்கு மட்டும்."

டிக்கெட்டை எடுத்துக்கொண்டு நடந்தான். நன்றி சொல்லவில்லை. அந்த ஊரில் அதைச் சொல்லாமல் போவது கதவை அறைந்து சாத்துவது மாதிரி.

அந்த அம்மாவை அனுப்பிய கையோடு, 'ஐந்து நிமிடத்தில் வருகிறேன்' பலகையை டெஸ்மண்ட் கண்ணாடியில் சாய்த்து வைத்தார். வரிசையில் ஆள் நிற்கும்போது அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

வண்டி வந்து நின்றிருந்தது. க்ளெம் வாசலுக்குள் ஏறி நின்றிருந்தான். டெஸ்மண்ட் நாலடி தள்ளி நின்றார். இருவருக்கும் நடுவே மழை பெய்தது.

"அப்பா கல்லறைக்கு வெச்சிருக்கியே, கல்லு," க்ளெம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நல்லாருக்கு."

முழங்காலில் இருந்த களிமண் எந்த மண் என்று டெஸ்மண்டுக்கு அப்போதுதான் புரிந்தது.

"ரெண்டு தடவ திருப்பி அனுப்பினேன்," என்றார். "பேரத் தப்பா வெட்டிட்டானுங்க."

"அப்பா சிரிச்சிருப்பாரு."

"வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பாரு."

"தனியாவா நின்னு பாத்துக்கிட்ட, அதெல்லாம்?"

"வேற யாரு இருக்கா?"

க்ளெம் தலையை ஆட்டினான். ஏதோ சொல்ல வருவது போல இருந்தது. அதற்குள் மணி அடித்துக் கதவு மூடிக்கொண்டது. அவன் உள்ளேயிருந்து கையைத் தோள்வரை தூக்கினான். அசைக்கவில்லை. வண்டி நகரும்வரை இறக்கவும் இல்லை.

வளைவு தாண்டி வண்டி மறைந்த பிறகும் டெஸ்மண்ட் நின்றார். ஆறு வருஷம் எதற்குக் காத்திருந்தாரோ, அது சாரி என்ற சொல் இல்லாமலே வந்து, ஒரு நிமிஷம் நின்று, போயும் விட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த வண்டிக்குள் இருந்தான். அடுத்து எப்போது வருவாய் என்று கேட்கவும் தோன்றவில்லை.

கோட்டு முழுக்க நனைந்தபின் அவர் உள்ளே போனார்.