அவள் இல்லாத வீடு

தீயணைப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு கட்டடத்துக்குள் காலை வைத்தாலே போதும், தீ எங்கே பிடிக்கும், எப்படிப் பரவும், யார் மாட்டிக்கொள்வார்கள் என்று கண்முன்னே ஓடிவிடும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வயது ஏற ஏற என்ன ஆயிற்றோ, கெட்டதை நினைக்கவே வரவில்லை. எதைக் கேட்டாலும் "எல்லாம் நல்லபடியா முடியும்" என்று ஒரே பல்லவி.

அடுத்த வாரம் மனைவிக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. பிழைத்தாலும் பிழைக்கலாம், உறுதி இல்லை என்று டாக்டர் சொல்லியாயிற்று. இவரோ அவள் வீடு திரும்பியதும் எந்த அறைக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊர்ல இருக்கற கடைக்கெல்லாம் என்ன ஆகும்னு புட்டுப் புட்டு வச்சீங்களே! நான் இல்லாத வீட்டை ஒரே ஒரு தடவை நினைச்சுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க தயாரா இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி."

அதே மருத்துவமனையில், வயதானவர்கள் வரப்போகிற நல்லது கெட்டதை எப்படிக் கற்பனை செய்கிறார்கள் என்று மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் தாமாகவே போய்ப் பெயர் கொடுத்தார். வீட்டில் வராதது அங்கேயாவது வந்து தொலையாதா என்ற நப்பாசைதான்.

குழாய் மாதிரி இருந்த மெஷினுக்குள் படுக்க வைத்தார்கள். தடதடவென்று ஒரே சத்தம். ஆராய்ச்சி செய்கிற பெண்ணின் குரல் காதில் கேட்டது.

"சார், 'வீடு'ன்னு எழுத்து வரும். அங்க நடக்கக்கூடிய ஒரு துக்கத்தை நினைங்க. நல்லாத் தெரிஞ்சதும் பட்டனை அழுத்துங்க."

அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் வேலையை ஆரம்பித்தார். மனதுக்குள் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு, தன் வீட்டு மாடிப்படி ஏறி, கதவைத் தட்டினார். ஆய்வுக்குப் போகிறவர் தட்டாமல் நுழையக் கூடாதே! கதவு திறந்தது. ஈரக் கையைத் துடைத்தபடி மனைவி நின்றாள். அட, இவள் இல்லாத வீட்டைப் பார்க்கத்தானே வந்தோம்! கதவைச் சாத்திவிட்டு மறுபடி தட்டினார். மறுபடியும் அவளேதான்.

பட்டனை அவர் அழுத்தவே இல்லை.

"பரவாயில்ல சார், உங்க வயசுல நிறையப் பேருக்குக் கெட்டது மங்கலாத்தான் தெரியுது," என்றாள் அந்தப் பெண்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியின் கீழேயே நின்று, கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"தட்டாதீங்க. நீங்களே திறந்து உள்ள போங்க. நான் வரல."

அவர் ஏறினார். பூட்டில் சாவியை நுழைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே விளக்கு இல்லை. "இதோ வரேன்" என்று ஒரு குரல் இல்லை. சமையலறையில் அவளுடைய படிக்கிற கண்ணாடி மடித்தபடி கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் நின்றார்.

கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தவர், அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பாத்துட்டேன். பயமா இருக்கு," என்றார்.

"அப்பாடா," என்றாள் அவள்.