நான் என்ன மருந்தா

கடலோர வேம்பாரிலிருந்து லாரியில் வந்த பைபர் வள்ளத்தை எம். புதுப்பட்டி மாதா கோயில் வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். மறுநாள் திருவிழா. மாதா சுரூபத்தை அந்த வள்ளத்தில் வைத்து, டிராக்டரில் ஏற்றி ஊரைச் சுற்றிவர வேண்டும். பேருக்குத்தான் வெள்ளை வள்ளம். பாசியும் காய்ந்த சிப்பியும் ஏறி மஞ்சளாகப் பழுத்துக் கிடந்தது.

"சாயங்காலத்துக்குள்ள வெளுக்கலேன்னா விட்டுருங்க தம்பி" என்றார் பங்குச் சாமியார். "அச்சாபீஸ்ல சில்வர் பேப்பர் ரோல் வாங்கியாச்சு. சுத்தி ஒட்டிட்டா ஜொலிக்கும்."

ஜெயசுந்தர் வாளியை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனான். பேப்பர் ஒட்டினால் முகப்பில் நீலத்தில் எழுதியிருக்கும் பெயர் மறைந்துவிடும். இசபெல். அவன் மனைவி. பதினாலு மாதத்துக்கு முன் டெங்குவில் போய்விட்டாள். வள்ளம் அவள் தம்பி பொன்ராஜுடையது; அக்கா பெயரை வைத்திருந்தான். இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் சில்வர் பேப்பர் சுற்றுவதைப் பார்த்து, செத்த மீனுக்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கிறது என்று இசபெல் சிரிப்பாள்.

காலையிலேயே வேலையைத் தொடங்கினார்கள். வள்ளத்தைத் தொடுமுன் ஜெயசுந்தரின் கை தானாக அடிபம்பின் இரும்பைத் தொட்டது. அவன் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து அறைக்குள் நுழையும்முன் வாசலிலுள்ள செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலிருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட வேண்டும். அவனைப் பார்த்து ஐந்து வயது மகள் சுகிர்தாவும் போய்ப் பம்பைத் தொட்டுவிட்டு வந்தாள்.

"ஏ மருமகளே, நீயுமா?" என்று பொன்ராஜ் சிரித்தான். "இது வள்ளம் ஆத்தா. வெடிக்காது."

சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள். சிப்பியைச் சுரண்டினார்கள். வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தபின் பாலிஷ் பசையைத் துணியில் எடுத்தார்கள். மதியத்துக்குள் பொன்ராஜ் பக்கம் பாதி வெளுத்திருந்தது. ஜெயசுந்தர் பக்கம் ஒரு சாண்கூட வரவில்லை.

"என்ன மச்சான், பச்சப்புள்ளைக்குப் பவுடரா போடுதீக?"

"கை வரலை."

"அழுத்துங்க மச்சான். உடைஞ்சா நான் பாத்துக்கிடுதேன்."

அழுத்தத்தான் பார்த்தான். எட்டு வருடமாகக் கம்பெனியில் அவன் வாயில் ஒரே பேச்சு: இழுக்காதீங்க, உரசாதீங்க, தூக்கி வைங்க. சொல்லிச் சொல்லி அவன் கையே அப்படி ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் இசபெல்லுக்குக் கால் குடைச்சல் தாங்கவில்லை. பிடித்துவிடச் சொன்னாள். பிடித்தான். "அழுத்திப் பிடிங்க, நான் என்ன மருந்தா, வெடிக்கதுக்கு?" என்றாள். அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாள். நாளைக்கு அழுத்திப் பிடிக்கலாம், கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது துணியை மடித்துப் பசையைத் தொட்டான். முட்டி போட்டு, தோள் பாரம் முழுவதையும் உள்ளங்கைக்குக் கொண்டுவந்து அழுத்தினான். வட்டம் வட்டமாகத் தேய்த்தான். மஞ்சள் கலைந்து, உள்ளிருந்து வெள்ளை வந்தது. பிறகு அவன் நிறுத்தவில்லை. சாப்பிடக் கூப்பிட்டதும் காதில் விழவில்லை. பொன்ராஜ் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பக்கம் போனான்.

சுகிர்தா பசை டப்பாவை எட்ட நின்று பார்த்தாள்.

"அப்பா, இது மருந்தா?"

"மருந்து இல்லம்மா. வா."

அவள் கையில் ஒரு துணியைக் கொடுத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினான். இருவருமாக அந்த நீல எழுத்துகளைச் சுற்றித் தேய்த்தார்கள்.

வெயில் சாயும்போது சாமியார் ரோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். பெயரை ஒருமுறை வாய்க்குள் படித்தார்.

"அப்ப இந்தப் பேப்பரை என்ன செய்ய?"

"டிராக்டரைச் சுத்துங்க சாமி" என்றான் பொன்ராஜ். "அதைத்தான் பாக்கச் சகிக்கலை."

சாமியார் சிரித்துக்கொண்டே டிராக்டர் பக்கம் போனார். சுகிர்தா இன்னும் துணியை விடவில்லை. வெளுத்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் அழுத்தவாப்பா?"

"அழுத்து" என்றான்.