வரப்பில் கேட்ட ஓட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவே இல்லை. 1986-இல் அரியலூர் காலேஜில் படித்தபோது, ஏதாவது ஒரு தேர்தல் பிரச்சாரத்தின் கூடவே போய்ப் பார்த்துக் கட்டுரை எழுதச் சொன்னார் சார். தா.பழூர் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்போது பிரசிடெண்ட் எலெக்ஷன். நிற்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் நிலக்காரர் அழகேசன். இன்னொருவர் அவர் வயலில் நடவு நடும் அம்மாக்கண்ணு, என் சின்னம்மா. இதைக் கட்டுரையாக எழுத முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

2

முதல் தொடக்கம்: "மக்களாட்சியின் ஆணிவேர் ஊராட்சியே ஆகும். எனவே..."

(சீ. நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாவது: "சூரியன் உதித்தபோது அம்மாக்கண்ணு வாக்குச் சேகரிக்க..."

(பொய். சூரியன் உதித்தபோது அவள் முழங்கால் சேற்றில் நின்றாள். நடவு நேரம். வேலையை விட்டுவிட்டு ஓட்டுக் கேட்கப் போனால் சோற்றுக்கு எங்கே போவது? அதனால் வரப்பில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், குனிந்த முதுகு நிமிராமலே ஓட்டுக் கேட்டாள். நானும் வரப்பிலேயே உட்கார்ந்து எழுதினேன்.)

அவள் தேர்தலில் நின்றதே எங்கள் தெருவுக்கு ஒரு குடிதண்ணீர்க் குழாய்க்காகத்தான்.

"தோத்துட்டா இந்த வயல்ல நமக்கு வேலை கெடையாது. தெரிஞ்சுதானே நிக்கிற?" என்றாள் பக்கத்தில் நட்ட பெரியம்மாள்.

"தெரியும். அதுக்குத்தான் இன்னைக்கே நல்லா நட்டுக்கறேன்."

3

எலெக்ஷனுக்கு முதல் நாள் அழகேசன் வெள்ளை வேட்டியோடு வரப்பில் வந்தார். அம்மாக்கண்ணு சேற்றிலிருந்து ஏறி, ஒரு நாற்று முடியை அவர் காலடியில் வைத்தாள்.

* வெளியூர்க்காரர்களுக்கு: முடி என்றால் நாற்றுக் கட்டு. அதைக் காலடியில் வைத்துவிட்டால், கேட்டதைக் கொடுக்காமல் தாண்டக் கூடாது. தாண்டினாலும், கொடுத்த வாக்கு பொய்யானாலும் அந்த வயல் விளையாது என்பது எங்கள் நம்பிக்கை. வழக்கமாகக் கேட்பது வெற்றிலைக்குக் காசு.

அவர் சிரித்துக்கொண்டே மடியில் கையை விட்டார்.

"காசு வேணாங்க. ஓட்டு குடுங்க."

(அதுவரை அவரை 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவாள். அன்று எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. நானாக ஒரு சொல்லைப் போடலாமா என்று பார்த்தேன். வேண்டாம்.)

"யாரோட ஓட்டு?"

"உங்க ஓட்டுத்தான்."

"நல்லா இருக்கே கதை. எனக்கு நானே போடலன்னா வேற எவன் போடுவான்?"

"அது உங்க பாடு," என்றாள் பெரியம்மாள். "தாண்டறதுன்னா தாண்டுங்க. வயலு உங்களோடதுதானே?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பேனா சேற்றில் விழுந்துவிட்டது. அழகேசன் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். முடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"குடுத்துட்டேன். போய் நடு, வெயில் ஏறுது."

பெண்கள் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

4

முடிவு அ: ஒரே ஓட்டில் ஜெயித்தாள். அந்த ஓட்டு அவருடையது. (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: தோற்றுப்போய், மறுநாள்... (கை வரமாட்டேன் என்கிறது.)

நடந்தது: ஜெயித்துவிட்டாள்! கொஞ்ச ஓட்டில்தான். தெருவே ஆடியது, நானும் ஆடினேன். கோடைக்குள் குழாயும் வந்தது.

அழகேசன் யாருக்குப் போட்டார்? சின்னம்மாவிடம் கேட்டேன்.

"குடுத்துட்டேன்னாரு. அப்புறம் என்னத்தடி கேக்கறது, தனம்?" என்றாள்.

அவள் கேட்கவில்லை. ஊர்தான் அந்த வயலையே பார்த்துக்கொண்டிருந்தது.

5

சித்திரையில் அறுப்பு. அழகேசன் எங்கள் ஆட்களைத்தான் கூப்பிட்டார். பிரசிடெண்ட் ஆன பிறகும் அம்மாக்கண்ணு அரிவாளோடு வந்தாள். வரப்பில் நின்ற அவர் முகம் ஓட்டு எண்ணிய அன்றைக்குக்கூட அவ்வளவு தவிப்பாக இருந்ததில்லை. அவள் ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் கசக்கினாள்.

"எப்படி வெளஞ்சிருக்கு? பாத்துச் சொல்லுங்க பிரசிடெண்ட்டம்மா," என்றார்.

சொல்லுங்க என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான். அவள் கையை வாய்க்கு நேரே கொண்டுபோய் ஊதினாள். பதர் என்றால் பறந்துவிடும், மணி என்றால் நிற்கும். பிறகு அவரைப் பார்த்து

(நிறுத்திக்கொள்கிறேன். கையில் என்ன நின்றது என்று எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் அதைச் சொன்னால் அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று சொன்னதாகிவிடும். ஓட்டு ரகசியம். கதிர் உங்கள் கையில். நீங்களே ஊதிப் பாருங்கள்.)