ஒன்றே முக்கால் கிலோ பலகை

ஆபீஸில் அவருக்குப் ‘பத்திரம் சார்’ என்று பெயர். யார் எதைத் தூக்கினாலும், அது கோப்போ காபிக் கோப்பையோ, "பத்திரம், பத்திரம்" என்று பின்னாலேயே குரல் கொடுக்கிற மனிதர். கட்டடங்களில் தண்ணீர்க் குழாய் எப்படி ஓட வேண்டும் என்று வரைபடம் போடுவது வேலை. இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவர் போட்ட குழாய் ஒரு சொட்டு ஒழுகியதில்லை என்பார்கள். அவர் மட்டும் சொல்ல மாட்டார். சொன்னால் அன்றைக்கே ஒழுகிவிடும் என்று பயம்.

அப்படிப்பட்டவருக்கு மேனேஜர் அம்மா ஒரு லேப்டாப்பைக் கொடுத்தார்.

"அடுத்த திங்கட்கிழமையிலேருந்து மேஜைக் கம்ப்யூட்டரெல்லாம் எடுத்துடுவாங்க சார். இனிமே இதுதான். தினமும் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொண்டு வந்துடுங்க."

பத்திரம் சார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் வந்து போவது சைக்கிளில். ஏழு கிலோமீட்டர். நடுவில் ஒரு ரயில்வே கேட், ஒரு மேம்பாலம், அதற்கப்புறம் குழாய் பதிக்கத் தோண்டி ஒப்புக்கு மூடிய ஒரு தெரு. குழாய்க்காரர்களையே திட்டும்படி ஆகிவிட்டது அவர் நிலைமை.

வேறொருவராக இருந்தால் நல்ல பையாக ஒன்று வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பார். இவர் லேப்டாப்பைத் தராசில் நிறுத்துப் பார்த்தார். ஒன்றே முக்கால் கிலோ. நேரே தச்சரிடம் போய், அதே எடையில் அதே அளவில் ஒரு பலகை அறுத்துத் தரச் சொன்னார்.

"இதுல என்ன சார் செய்யப் போறீங்க?"

"ஒண்ணும் செய்யல. முதுகுல கட்டிக்கிட்டு சைக்கிள்ல போகணும்."

தச்சர் ரம்பத்தைக் கையில் எடுத்தார்.

ஒரு வாரம் பரீட்சை நடந்தது. பலகையைத் துண்டில் சுற்றி, மடிப்புக்குள் ஒரு முட்டையும் வைப்பார். முதல் நாள் பின் கேரியரில் கட்டினார். ரயில்வே கேட்டிலேயே முட்டை போயிற்று. இரண்டாம் நாள் முன்கூடை. மேம்பாலம் தாங்கியது, தோண்டிய தெரு தாங்கவில்லை. மூன்றாம் நாள் முதுகுப் பையில் வைத்தார். வார் தளர்ந்து பை இடுப்பில் இடித்து அதுவும் போச்சு. நான்காம் நாள் வாரை இறுக்கி, பையைத் தோளோடு தூக்கிக் கட்டி, மார்புக்குக் குறுக்கே இன்னொரு வாரும் போட்டு, பள்ளம் வந்தபோதெல்லாம் சீட்டிலிருந்து எழுந்து முழங்காலை மடக்கி நின்றுகொண்டே ஓட்டினார். முட்டை பிழைத்தது. ஐந்தாம் நாளும் பிழைத்தது.

வீட்டுக்கு வந்து அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. காட்ட ஆள் இல்லை.

மனைவி மூன்று வருடம் முன்பு மகளின் பிரசவத்துக்குப் போனவள். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. சண்டையாக இருந்தால் சமாதானம் செய்து கூட்டி வந்திருக்கலாம். குழந்தை உட்காரட்டும், நடக்கட்டும், பேசட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயிற்று. ஒரு கட்டத்தில் எப்போது வருகிறாய் என்று கேட்பதை இவர் விட்டுவிட்டார்; சொல்வதை அவளும் விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன்.

இது ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. "வீட்டுல திட்டுவா" என்று சொல்லித்தான் ஐந்தரைக்குக் கிளம்புவார். "வீட்டுல கட்டிக் குடுத்தா" என்று சொல்லித்தான் டப்பாவைத் திறப்பார். ஐம்பத்தாறு வயதில் தனியாகக் கிடக்கிறான் என்று தெரிந்தால் பரிதாபப்படுவார்கள். பரிதாபத்தைவிட வேறெதையும் தாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

சனிக்கிழமை, முதல் நாளே சைக்கிளை நம்ப மனம் வராமல், லேப்டாப்பை டாக்ஸி வைத்து, மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டு வந்தார். புது ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கான வரைபடத்தில் நான்கு மாடித் திருத்தம் பாக்கி. திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் வருகிறார்கள். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து முடித்தார். வீட்டில் இன்டர்நெட் கிடையாது. திருத்தம் அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள்தான். சாயங்காலமே அதையும் துண்டில் சுற்றிவிட்டார். மேஜைமேல் பலகை சுற்றிக் கிடந்த துண்டுக்கு ஜோடித் துண்டு அது. மேஜையில் வைத்தால் விழுந்துவிடுமோ என்று கட்டிலில், யாரும் படுக்காத பக்கத்தில், படுக்க வைத்தார்.

திங்கட்கிழமை காலை, ஐந்து நாள் பழகிய கை மேஜைக்குத்தான் போனது.

பத்து மணிக்கு மேனேஜர் அம்மா, வரவேற்பில் இருக்கும் பெண், ஆஸ்பத்திரிக்காரர்கள் மூன்று பேர் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பத்திரம் சார் பையைத் திறந்தார். துண்டை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். பலகை வந்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர், "இது புது மாடலா சார்?" என்றதும் அறை வெடித்துச் சிரித்தது. இவரும் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது.

"லேப்டாப் வீட்டுலதானே இருக்கு?" என்றார் மேனேஜர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வீட்டம்மாவுக்குப் போன் போடுங்க. ஒரு டாக்ஸியில ஏத்தி விடட்டும். இருபது நிமிஷத்துல வந்துடும்."

"அவ குளிச்சிட்டிருப்பா."

"குளிச்சு முடிச்சிடுவாங்க சார்," என்றாள் வரவேற்புப் பெண். "நம்பர் குடுங்க, நான் பேசறேன் அக்காகிட்ட."

"வேண்டாம்மா. நானே பேசறேன்."

வராந்தாவுக்கு வந்தார். சும்மா காதில் வைத்துக்கொண்டு நடிக்கலாம் என்றுதான் போனை எடுத்தார். விரல் நிஜமாகவே மனைவியை அழைத்துவிட்டது.

"என்னங்க, இன்னிக்குத் திங்கட்கிழமையாச்சே? உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. லேப்டாப்ப வெச்சிட்டுப் பலகைய எடுத்துட்டு வந்துட்டேன்."

முட்டையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று இவர் எண்ணிப் பார்த்தார்.

"அக்கம்பக்கத்துல யார்கிட்டயாவது சாவி இருந்தா எடுத்துத் தரச் சொல்லுங்களேன்."

"யார்கிட்டயும் இல்ல."

"யார்கிட்டயுமேவா?"

"உன்கிட்ட ஒண்ணு இருக்கு."

பின்னால் குழந்தை எதையோ கேட்டு அடம்பிடித்தது.

"அதுவா... இங்க வந்த புதுசுல எங்கயோ வெச்சேங்க. எங்கன்னு இப்ப தெரியல."

"பரவாயில்ல," என்றார் பத்திரம் சார். "பரவாயில்ல, விடு. குழந்தையப் பாரு."

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். இனி காப்பாற்றுவதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றியது. அறைக்குள் போனார்.

"வீட்டுல யாரும் இல்லம்மா. நானே போயிட்டு வந்துடறேன்."

"அக்கா வெளிய போயிருக்காங்களா?" என்றாள் வரவேற்புப் பெண்.

"பொண்ணு வீட்டுக்கு."

"அடடா. எப்ப வருவாங்க?"

"தெரியலம்மா. போய் மூணு வருஷம் ஆச்சு."

யாரும் சிரிக்கவில்லை. புது மாடலா என்று கேட்ட ஆஸ்பத்திரிக்காரர் பலகையை மெல்ல மேஜை ஓரத்துக்கு நகர்த்தினார். வரவேற்புப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பயந்த பரிதாபம் வந்தேவிட்டது. ஆனால் அதற்காக வெட்கப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"டாக்ஸி சொல்லவா சார்?" என்றார் மேனேஜர் அம்மா.

"வேண்டாம்மா. சைக்கிள்லயே வந்துடுவேன். அதுக்குத்தானே ஒரு வாரம் பழகினேன்?"

"சரி. மெதுவா வாங்க. நாங்க இருக்கோம்."

காலிப் பையோடு படியிறங்கி சைக்கிளை எடுத்தார். பள்ளத்தில் எழுந்து நிற்கவில்லை, மேம்பாலத்தில் மூச்சு வாங்கவும் நிற்கவில்லை. மூன்று வருடத்தில் அந்த வீட்டுக்கு அவர் அவசரமாகப் போனது அன்றைக்குத்தான்.